பைல்ஸ்னு சொன்னது பைல்ஸ் இல்ல: கேடிஎஸ் உள்ள எனக்கு குடல்ல நடந்தது

கிளிப்பெல்-ட்ரெனானே சிண்ட்ரோம், சுருக்கமா கேடிஎஸ், எனக்கு பொறந்ததுல இருந்தே இருக்கு. இதப் பத்தி கேள்விப்பட்டவங்களே கம்மி, கேள்விப்பட்டவங்களும் இத கால் வியாதின்னுதான் நெனைப்பாங்க. நானும் முப்பது வயசு தாண்டற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன், ஏன்னா என்ன பாத்த டாக்டருங்க எல்லாரும் காலத்தான் பாத்தாங்க. என்ன ஐசியூ வரைக்கும் கொண்டு போனது கால் இல்ல, மலக்குடல். மோஷன், ரத்தம், ஆசனவாய்னு எல்லாம் பட்டவர்த்தனமா எழுதப் போறேன். கூச்சப்பட்டுக்கிட்டு சொல்லாம விட்டே இதுல பல பேரு ரத்தத்த இழந்துட்டு இருக்காங்க.

மொதல்ல வியாதி என்னன்னு சொல்லிடறேன். மூணு விஷயம் சேர்ந்து வரும். தோல்ல ஒயின் கலர்ல பெரிய மச்சம், கோணல்மாணலா புடைச்ச வெயின்கள், அப்புறம் ஒரு கால் (சில பேருக்கு கை) மத்ததவிட நீளமாவோ தடிமனாவோ வளர்றது. எனக்கு இடது கால். மச்சம் இடுப்புல ஆரம்பிச்சு தொடையோட வெளிப்பக்கமா எறங்குது, பின்பக்கம் பிட்டம் வரைக்கும் பரவியிருக்கு. கருவுல இருக்கறப்பவே மறைஞ்சு போகவேண்டிய ஒரு வெயின் காலோட வெளிப்பக்கம் கணுக்கால்ல இருந்து மேல வரைக்கும் தடிச்சு அப்படியே நிக்குது, அதுவும் எங்க ஆளுங்களுக்கு ஒரு அடையாளம். வலது கால் செருப்புக்குள்ள மட்டும் உயரம் வச்சுதான் நடக்கறேன், இல்லன்னா இடுப்பு சாயும்.

1900ல பிரான்ஸ்ல மோரிஸ் கிளிப்பெல், பால் ட்ரெனானேன்னு ரெண்டு டாக்டருங்க எழுதி வச்சது, காரணம் என்னன்னு தெரியறதுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பிஐகே3சிஏ-ன்னு ஒரு ஜீன், செல்லு வளரணுமா வேண்டாமான்னு சிக்னல் கொடுக்கறதுல அதுக்கு பங்கு இருக்கு. பெரும்பாலான கேடிஎஸ் ஆளுங்களுக்கு அந்த ஜீன் ஆஃப் ஆகாத சுவிட்சா ஆயிடுது. இது அம்மா அப்பா கிட்ட இருந்து வர்றதில்ல. கரு உருவான பிறகு, வளர்ற நேரத்துல ஏதோ ஒரு செல்லுல நடக்கற மாத்தம், அந்த ஒரு செல்லுல இருந்து பிரிஞ்சு வந்த பகுதிகள்ல மட்டும் இருக்கும், மத்த எடமெல்லாம் நார்மல். அதனாலதான் ஒரு கால் மட்டும். அதனாலயேதான் சாதாரண ரத்த டெஸ்ட்ல ஜீன் நார்மல்னு வந்துடும், எனக்கும் அப்படித்தான் வந்துச்சு, "ஜெனட்டிக் பிரச்சனை எதுவும் இல்ல"ன்னு ரிப்போர்ட் கொடுத்துட்டாங்க. பாதிச்ச எடத்துல இருந்து எடுத்த திசுவ ரொம்ப ஆழமா சீக்வென்ஸ் பண்ணாத்தான் தெரியும். எங்க அம்மா வருஷக்கணக்கா தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு மனசுக்குள்ள வச்சிருந்தாங்க, இந்த ஒரு விஷயத்த ஒரு ஜெனட்டிக் டாக்டர் உக்கார வச்சு சொன்னப்ப அவங்க அழுதது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

சரி, குடலுக்கு வரேன்.

அந்த ஆஃப் ஆகாத சுவிட்ச் தோலோட நிக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. இடுப்புக்குள்ள இருக்கற வெயின்கள், மலக்குடல், பெருங்குடலோட கடைசிப் பகுதி, மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாத்துக்கும் அது போகலாம். மச்சமும் புடைச்ச வெயினும் பிட்டம், பிறப்புறுப்பு பக்கம் வரைக்கும் வந்திருக்கறவங்களுக்கு உள்ளயும் இருக்கான்னு ஒரு தடவ பாக்கறது நல்லதுன்னு இப்ப என்ன பாக்கற டாக்டர் சொல்றாங்க. என் மச்சம் எங்க இருக்குன்னு மேல எழுதியிருக்கேன், ஆனா சின்ன வயசுல பாத்த யாரும் உள்ள பாக்கலாம்னு யோசிக்கல.

பள்ளிக்கூடம் படிக்கறப்பவே அப்பப்ப மோஷனோட ரத்தம் வரும். வலி கிடையாது, அரிப்பு கிடையாது, பளிச்சுன்னு செவப்பா வந்துட்டு தானா நின்னுடும். மலச்சிக்கல், உள்மூலம்னு சொல்லி க்ரீம், மலம் எளக்கற மருந்து கொடுத்து அனுப்பிடுவாங்க. கல்லூரி முடிச்சு வேலைக்குப் போன பிறகு படியேறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு, ஹீமோகுளோபின் பாத்தா 7. பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் கம்மின்னா மொதல் கேள்வி பீரியட்ஸ்ல அதிகமா போகுதான்றதுதான். எனக்கும் கொஞ்சம் அதிகமாத்தான் போகும், அதனால அந்த பதிலோட எல்லாரும் திருப்தி ஆயிட்டாங்க. மோஷன்ல ரத்தம் வருதுன்னு நான் சொன்னாலும் அது பைல்ஸ், ரத்தம் கம்மி ஆனது பீரியட்ஸ்னு ரெண்டு தனித்தனி பெட்டில போட்டு மூடிட்டாங்க, கால் மூணாவது பெட்டி. மூணும் ஒரே வியாதி.

பீரியட்ஸுக்காக ஒரு டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதினாங்க, ஈஸ்ட்ரோஜன் கலந்தது. கேடிஎஸ் இருக்கறவங்களுக்கு ரத்தம் கட்டிக்கற அபாயம் ஏற்கனவே அதிகம், ஈஸ்ட்ரோஜன் அத இன்னும் ஏத்தும். நல்லவேளையா அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காம வாந்தி வந்து நிறுத்திட்டேன். ரத்தப்போக்க நிறுத்த கொடுக்கற டிரனெக்சாமிக் ஆசிடும் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு யோசிச்சுதான் கொடுக்கணும். மகப்பேறு டாக்டர்கிட்ட போனாலும் பல் டாக்டர்கிட்ட போனாலும் வெயின் பிரச்சனை இருக்குன்றத மொதல் வாக்கியமா சொல்லிடணும்.

அயர்ன் மாத்திரைல ஒரு தொல்லை இருக்கு. மோஷன் கறுப்பாயிடும். குடல்ல மேல் பகுதில இருந்து ரத்தம் கசிஞ்சாலும் கறுப்பாத்தான் வரும், அதனால எது மாத்திரை எது ரத்தம்னு நமக்குத் தெரியாது. எனக்கு கீழ் பகுதிங்கறதால செவப்பா வந்துச்சு, அடையாளம் தெரிஞ்சுது. ஆனா மாத்திரை எவ்ளோ சாப்ட்டாலும் ஹீமோகுளோபின் ஏறவே இல்ல, ஏறினாலும் ரெண்டு மாசத்துல பழைய எடத்துக்கே வந்துடும். உள்ள போறத விட வெளிய போறது அதிகம்னு அதுக்கு அர்த்தம், கணக்கு அவ்ளோதான், ஆனா மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறியான்னு என்னத்தான் கேப்பாங்க.

அப்புறம் ஒரு தடவ நிக்காம ரத்தம் போய், ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தி, பைல்ஸ் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுட்டாங்க. முந்தின நாள் சாயங்காலம் மயக்க மருந்து கொடுக்கற டாக்டர் வந்து பாத்தாங்க. ஸ்பைனல், அதாவது முதுகுல குத்தி இடுப்புக்கு கீழ மரத்துப்போக வைக்கற ஊசி, போடப் போறதால முதுகப் பாக்கணும்னு திரும்பிப் படுக்கச் சொன்னாங்க, இடுப்பு மச்சத்தப் பாத்தாங்க, போர்வைய எடுத்து காலப் பாத்தாங்க, "இது எத்தன வருஷமா இருக்கு, பேரு ஏதாவது சொல்லியிருக்காங்களா"ன்னு கேட்டாங்க. நான் கேடிஎஸ்னு சொன்னதும் அவங்க மொகம் மாறிடுச்சு. சில கேடிஎஸ் ஆளுங்களுக்கு முதுகுத்தண்டுக்குள்ளயும் அந்த மாதிரி வெயின்கள் இருக்கலாம், ஸ்கேன் பாக்காம ஸ்பைனல் ஊசி குத்தினா உள்ள ரத்தம் கசியலாம், அதனால ஸ்பைனல் போட மாட்டேன்னு மொதல்ல சொன்னாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, எனக்கு இது பைல்ஸான்னே சந்தேகமா இருக்குன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே ரெண்டு ரத்த டெஸ்ட் எடுத்தாங்க: டி-டைமர் (உடம்புல ரத்தம் கட்டி கரையுதான்னு காட்டும்), ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறையத் தேவையான புரதம்). டி-டைமர் எக்கச்சக்கம், ஃபைப்ரினோஜன் கம்மி. ஆபரேஷன் ரத்து.

அந்த ஆபரேஷன் நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு பின்னாடி படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். குடல் சுவரு முழுக்க புடைச்ச வெயின் இருக்கற எடத்த மூலம்னு நெனச்சு வெட்டினா ரத்தத்த நிறுத்தறது ரொம்ப கஷ்டம், இது மருத்துவப் புத்தகங்கள்ல திரும்பத் திரும்ப எச்சரிக்கற விஷயம். அந்த மயக்க மருந்து டாக்டர் அப்புறம் என் ட்ரீட்மெண்ட்ல எங்கயும் வரவே இல்ல, ஒரு அரைமணி நேரந்தான் என்ன பாத்தாங்க.

அதுக்கப்புறம் வேற ஆஸ்பத்திரி, ரத்தக்குழாய் கோளாறுகளுக்குன்னே ஒரு டீம் இருக்கற எடம். அங்க மொதல்ல பாத்தது ஒரு சாதாரண இடுப்பு எக்ஸ்ரே. வெயினுக்குள்ள ரத்தம் கட்டி, அது கால்சியம் படிஞ்சு குட்டி குட்டி உருண்டையா வெள்ளையா தெரியும், ஃப்ளெபோலித்னு சொல்றாங்க. வயசானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு இருக்கறது சகஜம், இளவயசுல மலக்குடல சுத்தி கொத்துக்கொத்தா இருந்தா அது பெரிய துப்பு. கடுப்பான விஷயம் என்னன்னா, பல வருஷம் முன்னாடி இடுப்பு வலிக்காக எடுத்த என் பழைய எக்ஸ்ரேலயே அது இருந்துச்சு, எலும்ப மட்டும் பாத்துட்டு நார்மல்னு எழுதியிருந்தாங்க. அதனால பழைய ஃபிலிம், சிடி எதையும் தூக்கிப் போடாதீங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படம் வேணும்.

அப்புறம் கான்ட்ராஸ்ட் போட்டு இடுப்புக்கு எம்ஆர்ஐ. இதுல மலக்குடல் சுவரு எவ்ளோ தடிச்சிருக்கு, எதுவரைக்கும் போகுது, சுத்தி இருக்கற கொழுப்பு, மூத்திரப்பை, கர்ப்பப்பைல எவ்ளோ இருக்குன்னு எல்லாம் தெரியும். கால்ல ஆழமான வெயின் ஒழுங்கா இருக்கா இல்லயான்னும் சேர்த்தே பாத்தாங்க. கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியா கேமரா விட்டு குடலப் பாக்கறது, அதுக்குப் பிறகுதான். அதுக்கு எழுதின சீட்டுலயே "வெனஸ் மால்ஃபார்மேஷன் (வெயின் கோளாறு) சந்தேகம், பயாப்ஸி எடுக்கக்கூடாது"ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தாங்க. இந்த வரி ரொம்ப முக்கியம்னு நெனைக்கறேன். குடல்ல எதப் பாத்தாலும் ஒரு துணுக்கு கிள்ளி எடுக்கறது எல்லாருக்கும் பழக்கம், இங்க கிள்ளினா ரத்தம் கொட்டும். ஸ்க்ரீன்ல நானே பாத்தேன், ஆசனவாய்க்கு மேல இருந்து சிக்மாய்டு (பெருங்குடலோட கடைசிப் பகுதி) வரைக்கும் நீலமும் ஊதாவுமா புடைச்சுக்கிட்டு, சுவரு முழுக்க. சில பேருக்கு இத அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண்ணாகற வியாதின்னு நெனச்சு வருஷக்கணக்கா ஸ்டீராய்டு கொடுத்திருக்காங்களாம்.

ரத்தம் ஏன் வருதுன்னா ரெண்டு வழி. ஒண்ணு குடல் சுவர்லயே இருக்கற கோளாறான வெயின்கள், மோஷன் உரசினாலே கசியும். இன்னொண்ணு, கால்ல இருந்து மேல வர்ற ரத்தத்துக்கு ஒழுங்கான பாதை இல்லன்னா அது இடுப்புக்குள்ள இருக்கற வெயின்கள் வழியா சுத்திப் போகும், அந்த அழுத்தத்துல மலக்குடல் வெயின்கள் வீங்கும். கால் வியாதிக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, டாக்டர் ஒரு பேப்பர்ல கோடு போட்டு காட்டினதும் சரிதான்னுட்டாங்க.

எனக்கு புரிய ரொம்ப நாள் ஆனது ரத்தம் உறையற விஷயம். ஒரு பக்கம் ரத்தம் போயிட்டே இருக்கு, இன்னொரு பக்கம் ஹெப்பாரின் ஊசி, அதாவது ரத்தம் உறையாம இருக்கறதுக்கான ஊசி போடணும்னாங்க. வீட்ல எல்லாரும் பதறிட்டாங்க, ரத்தம் போறவளுக்கு ரத்தத்த நீர்க்க வைக்கற ஊசியான்னு. விஷயம் என்னன்னா, அந்த பெரிய பெரிய கோளாறான வெயின்கள்ல ரத்தம் தேங்கி நிக்குது, தேங்கின ரத்தம் அங்கங்க கட்டிக்கிட்டே இருக்கு, கட்டறதும் கரையறதுமா நாள் முழுக்க நடக்கறதால உறையறதுக்குத் தேவையான ஃபைப்ரினோஜன் எல்லாம் அங்கயே செலவாயிடுது. அப்புறம் வேற எடத்துல ரத்தம் வந்தா நிறுத்தறதுக்கு சரக்கு இல்ல. தேங்கின எடத்துல கட்டாம பாத்துக்கிட்டா ஃபைப்ரினோஜன் மிச்சமாகும், ரத்தப்போக்கும் கட்டுக்குள்ள வரும். எனக்கு குறைஞ்ச டோஸ்ல தினமும் வயித்துத் தோல்ல ஊசி, ரெண்டு வாரத்துல ஃபைப்ரினோஜன் ஏறுச்சு. இது எல்லாருக்கும் பொருந்தாது, ரத்தவியல் டாக்டர் டெஸ்ட் பாத்துதான் முடிவு பண்ணணும், வீட்ல இருந்து யாரும் தானா முயற்சி பண்ணக்கூடாது. திடீர்னு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமல்ல ரத்தம் வந்தா நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போயிருக்கலாம், நேரா எமர்ஜென்சி. அங்க போய் டி-டைமர் அதிகமா இருக்குன்னு சொன்னா, எங்களுக்கு அது எப்பவுமே அதிகம்தான், அதனால அத வச்சு மட்டும் இருக்குன்னும் சொல்ல முடியாது, எப்பவும் இப்படித்தான்னு ஒதுக்கவும் முடியாது, ஸ்கேன்தான் பதில். நல்லா இருக்கறப்ப உங்க டி-டைமர் எவ்ளோன்னு ஒரு நம்பர் கைல இருந்தா பாக்கற டாக்டருக்கு ஒப்பிட உதவும்.

இரும்புச்சத்துக்கு மாத்திரைய விட்டுட்டு ட்ரிப்பா ஏத்துனாங்க. மாத்திரை வயித்த கட்டும், முக்கி மோஷன் போனா ரத்தம் வரும், அதனால எனக்கு ட்ரிப்தான் சரி. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ்னு ஒரு மருந்து, ஒரே தடவைல நெறைய கொடுக்கலாம், ஆனா சில பேருக்கு அது ரத்தத்துல பாஸ்பேட்ட எறக்கிவிடும். ட்ரிப் போட்ட பிறகு ஹீமோகுளோபின் ஏறியும் எனக்கு எலும்பெல்லாம் வலிச்சு சோர்வா இருந்துச்சு, கேட்டு டெஸ்ட் பண்ணா பாஸ்பேட் கம்மி. அடிக்கடி போட்டுக்கறவங்க இத கேட்டு வாங்கிப் பாருங்க. ஹீமோகுளோபின் மட்டும் பாக்காம ஃபெரிட்டினும் பாக்கணும், சேமிப்பு காலியானது அதுலதான் முன்னாடியே தெரியும். வலி மாத்திரைல ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்க, பாராசிட்டமால்தான்.

சிரோலிமஸ் பத்தி எழுதணும். ஈஸ்டர் தீவு மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியால இருந்து கண்டுபிடிச்ச மருந்து, கிட்னி மாத்தினவங்களுக்கு உடம்பு அத தள்ளிவிடாம இருக்க கொடுப்பாங்க. எங்களுக்கு ஏன்னா, அந்த பிஐகே3சிஏ சிக்னல் போற பாதைல கீழ எம்டார்னு ஒண்ணு இருக்கு, அத இது அடக்குது. ரத்தக்கசிவு எனக்கு நல்லாவே கொறஞ்சுச்சு, கால் சுத்தளவு பெருசா மாறல. அதுக்கு விலையா வாய்ப்புண்ணு, அதுவும் மொத ரெண்டு மாசம் பேச முடியாத அளவுக்கு, அப்புறம் கொலஸ்ட்ரால் ஏறுச்சு. ரத்தத்துல மருந்தோட அளவு பாத்துதான் டோஸ் வைப்பாங்க, அந்த டெஸ்ட்டுக்கு அன்னிக்கு காலை டோஸ் போடறதுக்கு முன்னாடி ரத்தம் கொடுக்கணும், போட்டுட்டுப் போனா கணக்கு தப்பாயிடும். கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்ல, பம்ப்ளிமாஸ் மாதிரி ஒரு பழம்) கூடாது, சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்துங்களும் அளவ ஏத்திடும். உயிருள்ள கிருமி வச்சு செய்யற தடுப்பூசி கூடாது. கர்ப்பம் ஆகக்கூடாது, நிறுத்தின பிறகும் 12 வாரம் பாதுகாப்பா இருக்கணும். காய்ச்சல் வந்தா காத்திருக்கக் கூடாது, ஏன்னா எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கும், எங்க காலும் சும்மாவே செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கு அடியில தொற்று, வர்ற கால்.

அல்பெலிசிப்னு இன்னொரு மாத்திரை இருக்கு, அது நேரா பிஐகே3சிஏ மேலயே வேலை செய்யுது. மார்பகப் புற்றுநோய்க்காக வந்தது. 2018ல பாரிஸ்ல இருக்கற நெக்கர் ஆஸ்பத்திரி டீம் இந்த மாதிரி வளர்ச்சிக் கோளாறு உள்ள 19 பேருக்கு கொடுத்துப் பாத்தத வெளியிட்டாங்க, 2022 ஏப்ரல்ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடுமையா பாதிச்ச, 2 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு அனுமதி கொடுத்துச்சு. சக்கரை ஏத்தறது அதோட முக்கியமான பக்கவிளைவு. எனக்கு அப்ப திசு டெஸ்ட் முடியல, முடியறதுக்குள்ள நான் ஆபரேஷன் டேபிளுக்குப் போயிட்டேன். அதனாலதான் சொல்றேன், ஏதாவது காரணத்துக்கு பாதிச்ச எடத்துல ஆபரேஷன் நடந்தா, எடுத்த திசுவ ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்ப முடியுமான்னு முன்னாடியே கேட்டுடுங்க. எனக்கு அப்படித்தான் உறுதியாச்சு.

ஆபரேஷன் ஏன்னா, மருந்துல ஒரு வருஷம் போல அமைதியா இருந்துட்டு, ஒரு நுரையீரல் தொற்றுக்காக சிரோலிமஸ நிறுத்த வேண்டி வந்துச்சு, நிறுத்தின கொஞ்ச நாள்ல ரத்தம் கொட்ட ஆரம்பிச்சு ஹீமோகுளோபின் 5க்கு வந்துடுச்சு, ஐசியூ. ஆர்கான் வாயு வச்சு சுடற ட்ரீட்மெண்ட் பண்ணாங்க, சின்ன எடத்துல கசிஞ்சா அது நல்லா கேக்குமாம், எனக்கு இருந்த பரப்புக்கு அது பத்தல. மலக்குடலையும் சிக்மாய்டோட பெரும்பகுதியையும் எடுத்துட்டு, மேல இருக்கற நல்ல குடல எறக்கி ஆசனவாயோட சேக்கறதுன்னு முடிவாச்சு. மலக்குடலோட உள்தோல மட்டும் உரிச்சு எடுத்துட்டு வெளித்தசைய கொஞ்சம் விட்டு வைப்பாங்க, ஏன்னா அதுக்கு வெளிய இடுப்பு முழுக்க வெயின், அதுல கைவச்சா நிறுத்த முடியாது. முன்னாடி பல நாள் ஹெப்பாரின், ஃபைப்ரினோஜன் ஏத்த க்ரையோப்ரெசிபிடேட், தியேட்டர்ல போற ரத்தத்த சுத்தம் பண்ணி திருப்பி ஏத்தற மெஷின், எல்லாம் ரெடி பண்ணிட்டுதான் தொட்டாங்க. இந்த ஆபரேஷன எத்தன பேருக்கு பண்ணியிருக்கீங்கன்னு நான் சர்ஜன்கிட்ட நேராவே கேட்டேன், அவங்க கோபப்படல, கம்மிதான்னு சொல்லிட்டு, இத அதிகமா பாத்த இன்னொரு சர்ஜனையும் கூட நிக்க வச்சாங்க.

சேத்த எடம் ஆறணும்னு சிறுகுடல வயித்துக்கு வெளிய எடுத்து பை மாட்டினாங்க, தற்காலிக ஸ்டோமா. மனசளவுல அது எனக்கு பயந்த அளவு கஷ்டமா இல்ல, சொல்லப்போனா ரத்தம் பாக்காம டாய்லெட்ல இருந்து வெளிய வந்தது சின்ன வயசுக்கப்புறம் அப்பதான். உடம்பளவுல கஷ்டம் தண்ணிச்சத்து. பைல ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல போச்சுன்னா ஆபத்து, அப்ப வெறும் தண்ணிய நெறைய குடிச்சா இன்னும் அதிகமா வெளிய போகும், உப்பு சக்கர சேர்ந்த ஓஆர்எஸ் குடிக்கணும், டாக்டர் சொன்னா சாப்பாட்டுக்கு முன்னாடி வயித்துப்போக்க கொறைக்கற லோபராமைட் மாத்திரை. பைய சுத்தி தோல் எரிஞ்சா பையோட ஓட்டை அளவு பெருசா இருக்குன்னு அர்த்தம், மொத சில வாரத்துல ஸ்டோமா சுருங்கும், அதனால ஒவ்வொரு வாரமும் அளந்து வெட்டணும். ஸ்டோமா நர்ஸ்கிட்ட சர்ஜரிக்கு முன்னாடியே வயித்துல எடம் குறிச்சுக்கணும், உக்காந்து நின்னு குனிஞ்சு பாத்து. எனக்கு இடது பக்கம் வீங்கின காலுக்குப் போடற இறுக்கமான ஸ்டாக்கிங்ஸோட இடுப்புப் பட்டி வேற வரும், அது மேல பை வரக்கூடாதுன்னு சொல்லி வலது பக்கம் கொஞ்சம் மேல குறிச்சோம்.

பைய எடுத்து உள்ள சேத்த பிறகுதான் நெஜமான போராட்டம். இத யாரும் முன்னாடி தெளிவா சொல்றதில்லன்றது என் கோபம். மலக்குடல்தான் மோஷன தேக்கி வைக்கற எடம், அது இல்லன்னா கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி வரும், வந்தா அடக்க முடியாது, ஒரு தடவ போயிட்டு வந்து உக்காந்தா பத்து நிமிஷத்துல மறுபடி. ராத்திரி தூக்கம் போச்சு. தோல் புண்ணாயிடுச்சு, டிஷ்யூல துடைக்காம தண்ணில கழுவி, ஒத்தி எடுத்து, துத்தநாக க்ரீம் தடவறதுதான் எனக்கு கேட்டுச்சு. இடுப்புத் தசைக்கு ஃபிசியோதெரபி இருக்குன்னு ரொம்ப லேட்டாத்தான் சொன்னாங்க, அது மெதுவா வேலை செய்யுது, மாசக்கணக்குல. ஆசனவாய் வழியா தண்ணி விட்டு குடல காலி பண்ற முறையும் ஒண்ணு இருக்கு, காலைல ஒரு தடவ பண்ணா நாள் முழுக்க நிம்மதின்னு சொல்றவங்க இருக்காங்க, என் டாக்டர் மிச்சம் இருக்கற வெயின்கள நெனச்சு எனக்கு வேண்டாம்னுட்டாங்க. ஒரு வருஷம் தாண்டி இப்ப ஓரளவு நேரம் கணிக்க முடியுது, ஆபீஸ்ல டாய்லெட்டுக்கு பக்கத்து சீட் கேட்டு வாங்கிட்டேன், காரணத்த மேனேஜர்கிட்ட ஒரே வரில சொன்னேன், அவரு அதுக்கு மேல கேக்கல.

ஒரு பேப்பர் எப்பவும் பைல இருக்கு. வியாதி பேரு, உள்ள எங்கெல்லாம் வெயின் இருக்கு, ஸ்பைனல் போடறதுக்கு முன்னாடி ஸ்கேன் பாக்கணும், குடல்ல பயாப்ஸி கூடாது, ஈஸ்ட்ரோஜன் கூடாது, என் வழக்கமான டி-டைமர், ஃபைப்ரினோஜன், ஹீமோகுளோபின், ரத்த வகை, என்ன மாத்திரை, டாக்டர் நம்பர். ஒரே பக்கம். பெரிய ஃபைல எமர்ஜென்சில யாரும் தொறந்து பாக்க மாட்டாங்க. பழைய படமெல்லாம் ஒரு பென் டிரைவ்ல, வீட்டுக்காரர் ஃபோன்லயும் ஒரு காப்பி.

ஒரு சேதி இடைல சொல்லணும், ஒரு பக்கம் பெருசா வளர்ற எல்லா வியாதியும் ஒண்ணு இல்ல. பார்க்ஸ் வெபர்னு ஒண்ணு இருக்கு, பாக்க கேடிஎஸ் மாதிரியே இருக்கும், ஆனா அதுல தமனியும் சிரையும் நேரா இணைஞ்சு வேகமா ஓடும், ட்ரீட்மெண்ட் வேற. பிடென்னு வேற ஒரு ஜீன் கெட்டுப்போய் வர்றது இன்னொண்ணு, அது பரம்பரையா வரலாம், அதுல குடல் பிரச்சனைன்னா பாலிப் (குடல் சுவர்ல முளைக்கற சின்னச் சதை), புற்றுநோய் அபாயமும் இருக்கறதால பொதுவா 35 வயசுல இருந்தே கொலோனோஸ்கோப்பி ஆரம்பிக்கச் சொல்றாங்க. அங்க பாலிப்ப எடுத்து பாத்தே ஆகணும், எனக்கோ கிள்ளவே கூடாது. அதனால என் அனுபவத்த அப்படியே எடுத்துக்காதீங்க, மொதல்ல எதுன்னு சரியா பேரு கண்டுபிடிக்கச் சொல்லுங்க.

குழந்தை விஷயம் நாங்க இன்னும் பேசிட்டுதான் இருக்கோம். என் வியாதி குழந்தைக்கு வராதுன்னு கிட்டத்தட்ட உறுதியாவே சொல்லிட்டாங்க, ஆனா கர்ப்ப காலத்துல ரத்தம் கட்டறதும் ரத்தப்போக்கும் ரெண்டுமே கூடும், இடுப்பு வெயின்களால பிரசவமும் சுலபமில்ல. ரத்தவியல், மகப்பேறு, மயக்க மருந்து, மூணு டாக்டரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு பேசறதுக்கு தேதி கேட்டிருக்கோம்.

சேத்த எடத்துக்கு மேல கொஞ்ச தூரத்துக்கு இன்னும் வெயின் இருக்கு, எல்லாத்தையும் எடுக்க முடியல. மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஃபெரிட்டின் பாக்கறேன், போன தடவ கொஞ்சம் எறங்கியிருந்துச்சு, ஒரு ட்ரிப் போட்டாச்சு, பாஸ்பேட்டும் பாத்தாச்சு, நார்மல். அடுத்த கொலோனோஸ்கோப்பில கசியற எடம் தெரிஞ்சா இந்த தடவ பரப்பு சின்னதுங்கறதால ஆர்கான் வச்சு சுட்டுப் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க.